மரகதம் வீட்டில் சிக்கரி நுழையாது

மரகதம் என்று ஒருத்தி இருந்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவள் பெயருக்குக் கிழக்குத் தாம்பரத்தில் கடிதம் வந்திருக்கிறது. தீபாவளி வாழ்த்து வந்திருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லையே என்று கவலைப்பட்டு ஓர் அம்மாள் கோயில் பிரசாதத்தைப் பொட்டலம் கட்டி, 'அவளிடம் சேர்த்துவிடுங்கள்' என்று காபிக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்தவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இவ்வளவும் தனசிங் என்கிற ஒரு காபித்தூள் வியாபாரி செய்த வேலை. அந்த வேலையில் எனக்கும் பங்கு உண்டு. வாராவாரம் மரகதத்தை அச்சடித்தவன் நான்தான்.

என் பெயர் சம்பந்தம். ஸ்டேஷனுக்குக் கிழக்கே வேளச்சேரி போகும் சாலையில் காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில் மெஷினை வைத்துக்கொண்டு அச்சகம் நடத்தினேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், சர்ச்சுக்குப் பாட்டுத் தாள், தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் நோட்டீஸ். 1964-இல் பக்கத்துக் கடையைத் தனசிங் வாடகைக்கு எடுத்தார். முதல் நாள் அவர் அரவை மெஷினைப் போட்டதும் என் பக்கத்துச் சுவர் அதிர்ந்து, கோத்து வைத்திருந்த ஈய எழுத்தெல்லாம் சரிந்தது. சண்டை போடப் போனேன். ஒரு டம்ளர் காபி கொடுத்து உட்கார வைத்தார். அப்படி ஒரு காபியை நான் அதுவரை குடித்ததில்லை. சண்டையை மறந்து திரும்பி வந்தேன். இரண்டாவது முறை எழுத்து சரிந்தபோதும் போனேன். காபிக்காகத்தான்.

தனசிங்கின் அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து வந்து தாம்பரம் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். தனசிங் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், பேச்செல்லாம் மெட்ராஸ் பேச்சு. பாரிமுனையில் ஒரு காபித்தூள் கடையில் எட்டு வருஷம் கொட்டை வறுத்தார். அந்தக் கடையில் காபிக் கொட்டையோடு புளியங்கொட்டையும் சேர்ந்து வறுபடும். "முதலாளி பக்கத்துலயே குந்திக்கினு, எவ்ளோ போடணும்னு விரலைக் காட்டுவாரு சார். நாலு விரல், அஞ்சு விரல். ஒரு நாள் ரெண்டு கையையும் காட்டினாரு. அன்னிக்கு வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். சொந்தக் கடை போட்டபோது கொட்டையைத் தவிர வேறெதையும் கடைக்குள் கொண்டுவருவதில்லை என்று சர்ச்சில் முழங்கால் போட்டு வேண்டிக்கொண்டாராம். சிக்கரிகூடக் கிடையாது. அரசாங்கமே அனுமதிக்கிற சரக்குதான் சிக்கரி, சேர்த்தால் சேர்த்த அளவைப் பொட்டலத்தில் போட வேண்டும், அவ்வளவுதானே என்று கேட்டேன். "இன்னிக்கு சிக்கரிக்குக் கதவைத் தொறந்தா நாளைக்குப் புளியங்கொட்டை வந்து நிக்கும் சார்" என்றார். பிடிவாதக்காரர்.

பிடிவாதத்தை விலைக்கு வாங்க யாரும் வரவில்லை. ஆறு மாதம் ஈ ஓட்டினார். வறுத்து வைத்தால் வாசனை போய்விடும் என்று, வருகிற நாலு பேருக்கும் கண் முன்னாலேயே வறுத்து அரைத்துக் கொடுப்பார். அதற்கு அரை மணி ஆகும். சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்த பெண்கள் முனகுவார்கள். அவர்களை நிறுத்தி வைக்க அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். கதை சொல்வது. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பல வருஷமாகக் கதை சொல்லிப் பழகியவர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்வார். தூள் அரைந்து முடிந்ததும் கதையையும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். தந்திரம் ஒன்றும் இல்லை, மெஷின் நின்ற பிறகு அப்படிக் கத்த அவருக்கே கூச்சம். ஆனால் மீதிக் கதையைக் கேட்க அந்தப் பெண்கள் அடுத்த வாரமும் வந்தார்கள்.

இதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்த நான்தான், "எழுதிக் குடுங்க தனசிங், சின்னச் சீட்டா அடிச்சுத் தரேன், பொட்டலத்துக்குள்ள போடுங்க" என்றேன். என் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. எனக்கும் அப்போது வேலை இல்லை.

அவர் நான் நினைத்ததைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். ஒரு வாரம் யோசித்தார். "காபித்தூள் எல்லாக் கடையிலயும் ஒரே கலர்தான் சார். என் தூளுக்கு ஒரு வூடு வோணும். அந்த வூட்ல ஆளுங்க இருக்கணும். அவுங்க சண்டை போடணும், காபி குடிக்கணும்" என்றார். அப்படிப் பிறந்தவள்தான் மரகதம். அவள் கணவன் கனகசபை ரயில்வே குமாஸ்தா, காலையில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன், ஓடும்போதும் காபியைக் கீழே வைக்காதவன். தெருமுனையில் காபித்தூளில் எதையெல்லாமோ கலந்து விற்கிற சிக்கரி சின்னப்பன் வில்லன்.

"அதென்ன, வில்லனுக்கு மட்டும் உங்காளு பேரா?" என்று கேட்டேன்.

"வேற யார் பேரை வெச்சாலும் சண்டைக்கு வருவாங்க சார். நம்மாளுன்னா சர்ச்சுல சமாளிச்சுக்கலாம்."

சமாளிக்க முடியவில்லை. சர்ச்சில் இருந்த ஒரு சின்னப்பன் மூன்று மாதம் அவருடன் பேசவில்லை.

1965 ஏப்ரலில் முதல் சீட்டு வந்தது. மஞ்சள் தாள், உள்ளங்கை அகலம், சனிக்கிழமை தோறும் ஒன்று. கதை முடிகிற இடத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரே வரி வரும்: 'மரகதம் வீட்டில் சிக்கரி நுழையாது.' மற்ற வரிகளை அடித்து முடித்ததும் எழுத்துகளைக் கலைத்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போட்டுவிடுவேன். அந்த ஒரு வரியை மட்டும் கலைக்காமல் நூல் கட்டி மேசை ஓரத்தில் வைத்திருந்தேன். எப்படியும் அடுத்த வாரம் வேண்டுமே.

வியாபாரம் ஏறியது கதையின் அழகால் என்று தனசிங் நினைத்தார். அவர் செய்த தப்புகளால் என்பது என் கருத்து. மரகதம் ஆசாரமான இந்து வீட்டுப் பெண். தனசிங்கோ அப்படி ஒரு வீட்டுச் சமையலறையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கற்பனையில் எழுதினார். அந்த ஆகஸ்டில் மரகதம் வரலட்சுமி நோன்புக்குப் பொரி உருண்டை பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் சேலையூரிலிருந்து நாகலக்ஷ்மி மாமி குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இவரும் ஒரு ரயில்வே குமாஸ்தாவின் மனைவி. தன்னைப் பற்றித்தான் எழுதுகிறார் என்ற சந்தேகம் அவருக்கு முதல் சீட்டிலிருந்தே உண்டு.

"ஏன்யா கடைக்காரரே, வரலக்ஷ்மி நோன்புக்கு எவளாவது பொரி உருண்டை பிடிப்பாளா? கொழுக்கட்டைன்னா பண்ணணும்! பொரி உருண்டை கார்த்திகைக்கு. மரகதத்தைப் பாத்து ஊரே சிரிக்கறதுக்கா?"

"தப்புதான் மாமி. எனக்குத் தெரியல" என்றார் தனசிங்.

"தெரியலைன்னா கேக்கறது! கால் கிலோ அரையுங்கோ."

திங்கட்கிழமை மாலைக்குள் பதினோரு பெண்கள் வந்து இதையே சொன்னார்கள். ஒவ்வொருவரும் திட்டி முடித்துவிட்டுத் தூள் வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு சீட்டு அச்சுக்கு வருவதற்கு முன்பு நாகலக்ஷ்மி மாமியின் கைக்குப் போய்வரும். மாமி பென்சிலால் திருத்துவார். சனிக்கிழமை விடியற்காலையில் மரகதம் தலைக்குக் குளிக்கக் கூடாது, வெள்ளிக்கிழமைதான், நாத்தனார் வந்தால் முதலில் தண்ணீர், பிறகுதான் காபி, இப்படி. கூலி ஏதும் வாங்கிக்கொள்ளவில்லை. தூளைக்கூடக் காசு கொடுத்துத்தான் வாங்குவார். கடையிலேயே நின்று திருத்திக் கொடுத்துவிட்டுப் போவார்.

இரண்டு வருஷத்தில் கடையின் பெயரே 'மரகதம் காபி' ஆகிவிட்டது. குரோம்பேட்டை, பல்லாவரத்திலிருந்தெல்லாம் ரயிலேறி வந்து வாங்கினார்கள். சீட்டுகளை ஊசி நூலால் தைத்துப் புத்தகமாக வைத்திருந்த வீடுகள் உண்டு. பெரும்பாக்கத்திலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவருகிறவர், ஊரில் நாலு வீட்டுக்குச் சேர்த்துப் பொட்டலம் வாங்கிப் போவார். முடிச்சூரில் நெல் பயிரிட்ட ஒருவர் காபியே குடிக்காதவர். மகள் படித்துக் காட்டுவாள் என்று வாராவாரம் ஐம்பது கிராம் வாங்கினார். தூளை என்ன செய்தார் என்று தெரியாது. 1974-இல் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தபோது கனகசபை என்ன செய்யப்போகிறான் என்று கேட்டு நிஜமான ரயில்வேக்காரர்களே கடை வாசலில் கூடினார்கள். தனசிங் இரண்டு நாள் தூங்காமல் யோசித்து, கனகசபையை வேலைநிறுத்தத்தில் சேர்த்தார். மரகதம் அவனை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சீட்டை வாங்கிப் படித்த ஓர் ஆள் சாலையிலேயே நின்று அழுததைப் பார்த்தேன்.

இப்போது என் வீட்டு விஷயத்துக்கு வர வேண்டும். எனக்குப் பிடிக்காத இடம், இருந்தாலும் சொல்கிறேன்.

என் வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். மனைவி பெயர் அபிதகுஜாம்பாள். கல்யாணத்தன்றே அதைப் பாதியாக்கி அபிதம் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். 1967 வாக்கில் ஒரு நாள் அபிதம், "உங்க தனசிங் அண்ணன் தூள் மணமாத்தான் இருக்கு. ஆனா பாலை ஊத்தினா நிறமே நிக்க மாட்டேங்குது. எங்கப்பா வந்தப்ப 'என்னம்மா, காபித் தண்ணியா'ன்னு கேட்டுட்டாரு. மேற்குத் தாம்பரத்துல கொஞ்சம் சிக்கரி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"சிக்கரியா? மரகதம் வீட்டில..." என்று ஆரம்பித்தேன்.

"மரகதம் வீட்டுக்கு எங்கப்பா வரலை" என்றாள்.

தாம்பரம் மேற்கில், என்னை யாருக்கும் தெரியாத கடையில், சாராயம் வாங்குகிறவன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துச் சிக்கரி வாங்கினேன். அன்றிலிருந்து என் வீட்டில் தனசிங் தூளில் சிக்கரி கலந்தே காபி போடப்பட்டது. அவரிடம் சொல்லவில்லை. ஊரிலேயே இந்தத் துரோகத்தைச் செய்கிறவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று நினைத்தேன். அதுவும் அந்த வரியை வாராவாரம் அச்சடிக்கிற என் வீட்டில்! வெட்கமாக இருந்தது.

தனசிங்குக்கு நாக்கு என்றால் அப்படி ஒரு நாக்கு. ஒரு மடக்குக் குடித்தால், என்ன கொட்டை, எவ்வளவு வறுவல், அதில் என்ன கலந்திருக்கிறது, எத்தனை பங்கு என்று சொல்லிவிடுவார். ஆனால் அவர் என் வீட்டில் காபி குடித்ததில்லை. அவர் கடையில் நான் தினம் இரண்டு வேளை குடிப்பேன். பல நாள் மாலையில் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தவர் என் வீட்டு கேட்டில் நின்று, தூள் பொட்டலத்தைக் கொடுத்து, அபிதத்திடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே வாருங்கள் என்று நான் சொன்னதில்லை. நாங்கள் சைவம், அவர்கள் அப்படியில்லை என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம். காபியில் என்ன சைவம், அசைவம்? கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். கூப்பிடவில்லை.

1975-இல் பிரேசில் நாட்டில் பனி கொட்டிக் காபிச் செடிகள் கருகிப்போயின என்று பேப்பரில் படித்தோம். எங்கோ நடக்கிற விஷயம் என்று மடித்து வைத்தோம். அடுத்த வருஷம் அது கிழக்குத் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது. பச்சைக் கொட்டையின் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. தனசிங் தன் லாபத்தைக் குறைத்துப் பார்த்தார், பிறகு லாபமே வேண்டாம் என்று விற்றுப் பார்த்தார். கால் கிலோ வாங்கியவர்கள் நூறு கிராம் வாங்கினார்கள். அவரை மாதிரிக் கடை வைத்திருந்த மற்றவர்கள் கவலைப்படவில்லை. பாதிக்குப் பாதி சிக்கரியைப் போட்டுவிட்டுப் பழைய பெயரிலேயே விற்றார்கள். கொட்டை கொடுக்கிற மொத்த வியாபாரியே தனசிங்கிடம், "கலந்து வித்துக்கினு போய்யா. எவன் கண்டான்?" என்றாராம்.

தனசிங்கின் மனைவி புஷ்பம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, அதிகம் பேசாதவர். ஒரு நாள் கடைக்கு வந்து என் முன்னாலேயே அவரிடம் சொன்னார்: "சொல்லாம கலக்கறதுன்னா கடையை மூடிடுங்க. என் சம்பளத்துல கஞ்சி குடிப்போம். சொல்லிட்டுக் கலக்கறதுன்னா, எல்லாருக்கும் சொல்லிட்டுக் கலங்க."

"சொன்னா எவ வருவா புஷ்பம்? பதினோரு வருஷமா சிக்கரி நுழையாது, சிக்கரி நுழையாதுன்னு நானே எழுதிட்டு..."

"அதை நீங்கதானே எழுதினீங்க? நான் எழுதச் சொல்லலையே" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தனசிங் சீட்டுக்கான தாளைக் கொண்டுவந்தார். அதில் பென்சில் திருத்தம் எதுவும் இல்லை.

"மாமி பாக்கலையா?"

"காட்டல சார். எந்த மூஞ்சியை வெச்சுக்கினு காட்டறது?"

வாங்கிப் படித்தேன். மரகதம் டப்பாவைத் திறக்கிறாள். அடியில் ஒரு கரண்டித் தூள்தான் இருக்கிறது. கனகசபையின் சம்பளத்தில் இனி பழைய காபி குடிக்க முடியாது. அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகத் தெருமுனைக்குப் போய்ச் சின்னப்பன் கடை முன்னால் நிற்கிறாள். சின்னப்பன் கேலி செய்யவில்லை. மரகதம் என்ன வேண்டும் என்று சொல்வதற்கு முன்னாலேயே சிக்கரியை நிறுத்து, மடித்து, கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறான். அவள் வீட்டுக்கு வந்து நாலில் ஒரு பங்கு சிக்கரியைக் கலந்து காபி போட்டுக் கனகசபையிடம், 'இதில் சிக்கரி இருக்கிறது' என்று சொல்லிவிட்டுக் கொடுக்கிறாள். அதோடு கதை முடிந்தது. கீழே, 'அடுத்த வாரம் முதல் நம் தூளிலும் நாலில் ஒரு பங்கு சிக்கரி. கலப்பில்லாத தூளும் உண்டு, விலை அதிகம். மன்னிக்கவும். தனசிங்' என்று இருந்தது.

அவர் எழுதியதிலேயே அதுதான் நல்ல சீட்டு. எமர்ஜென்சி காலம், எதை அச்சடித்தாலும் போலீஸ் வருமோ என்று பயந்துகொண்டிருந்தவன் நான். அன்று வேறு பயம். இந்தச் சீட்டு வெளியே போனால் இவர் கடை நாளை இருக்குமா?

"அந்தக் கடைசி வரியைக் கலைச்சுடுங்க சார்" என்றார்.

மேசை ஓரத்திலிருந்து எடுத்து நூலை அவிழ்த்தேன். பதினோரு வருஷ மையில் எழுத்துகள் ஒட்டிக்கிடந்தன. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத்தான் பிரிக்க முடிந்தது. அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்து, 'என் வீட்டில் ஒன்பது வருஷமாகச் சிக்கரிதான், இதற்கா இப்படிக் கலங்குகிறீர்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று பயம். கோழைத்தனம் என்றால் இதுதான். எழுத்துகளை அறைகளில் போட்டேன்.

சனிக்கிழமை காலை நானும் அவர் கடையில்தான் இருந்தேன். அடிதடி நடந்தால் விலக்கிவிட ஆள் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் ஏழெட்டுப் பேர் வாங்கிக்கொண்டு பிரிக்காமல் போனார்கள். ஒன்பது மணிக்கு நாகலக்ஷ்மி மாமி வந்தார். அந்த வாரம் சீட்டு தன்னிடம் வரவில்லை என்ற கோபம் முகத்திலேயே தெரிந்தது. வாங்கியதும் பொட்டலத்தைப் பிரித்துச் சீட்டை எடுத்தார். பின்னால் நின்ற நாலைந்து பெண்களும் தங்களுடையதை வாங்கிப் பிரித்தார்கள். தனசிங் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தார்.

மாமி படித்து முடித்தார்.

"இதுல ஒரு தப்பு இருக்கு" என்றார்.

"எல்லாமே தப்புதான் மாமி" என்றார் தனசிங்.

"அதில்லை. நாலுல ஒண்ணு போட்டா கசக்கும். அஞ்சுல ஒண்ணுதான் கணக்கு. எங்காத்துல பத்து வருஷமா அப்படித்தான் போடறேன்."

தனசிங்கின் கை நின்றது.

"பத்து வருஷமாவா?"

"பின்னே? உங்க தூள் மணம்தான், இல்லேங்கலை. ஆனா கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியா டிகாக்ஷன் இறங்க வேண்டாமா? இவருக்கு அது இல்லைன்னா ஆபீஸே ஓடாது. மரகதத்துக்குத் தெரிஞ்சா கேவலம்னு நான்தான் யார்கிட்டயும் மூச்சு விடலை."

"அஞ்சுல ஒண்ணு எங்க பத்துது மாமி?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க வீட்ல மூணுல ஒண்ணு."

"நீங்களுமா?" என்றார் இன்னொருவர். "நான் மட்டும்தான்னு நெனச்சு, சிக்கரி டப்பாவைத் துவரம்பருப்புக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கேன்!"

ஒரே சிரிப்பு. ஐந்தில் ஒன்றா, மூன்றில் ஒன்றா என்று கடை வாசலிலேயே வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டப்பா. ஒவ்வொருத்திக்கும் தான் ஒருத்திதான் குற்றவாளி என்ற நினைப்பு. எல்லாரும் மரகதத்துக்குப் பயந்து ஒளித்திருக்கிறார்கள். பதினோரு வருஷமாக! எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடை பிழைத்தது என்ற நிம்மதிச் சிரிப்பு.

தனசிங் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"உங்க வூட்லயுமா சார்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

தராசுத் தட்டைக் கீழே வைத்தார். அவர் குரல் எப்போதும் சத்தமானது. அந்த நேரம் மெஷின் ஓடாததால் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

"பதினோரு வருஷமா உங்க வூட்டுக் காபியைப் பத்தித்தாம்மா எழுதிக்கினு இருக்கேன். யார் வூட்லயாவது, ஒரு நாளு, ஒரே ஒரு டம்ளர் குடுத்திருந்தீங்கன்னா என் நாக்குக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே."

வாக்குவாதம் நின்றது. நாகலக்ஷ்மி மாமி சீட்டை மடித்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார். "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையைக்கூட விரிக்காமல் வெயிலில் நடந்து போனார். மற்றவர்களும் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொல்லப்போனால் எனக்குத்தான் அந்தக் கோபத்துக்கு உரிமை குறைவு. அவர்களாவது வாரம் ஒரு முறை வந்து போகிறவர்கள். நான் தினம் இரண்டு வேளை அவர் கையால் வாங்கிக் குடித்தவன்.

வியாபாரம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கலப்புத் தூள் அடுத்த மாதமே நன்றாகப் போக ஆரம்பித்தது. கலப்பில்லாதது வேண்டும் என்று கேட்டவர்கள் மொத்தம் ஏழு பேர். மரகதமும் தொடர்ந்து வந்தாள். ஆனால் நான் சொல்ல நினைத்தது அந்தச் சனிக்கிழமை மாலையை.

ஐந்தரை மணிக்கு அச்சகத்தைப் பூட்டிவிட்டு அவர் கடைக்குப் போனேன். "கடையைச் சாத்துங்க. வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"யார் வூட்டுக்கு?"

"என் வீட்டுக்கு."

"இப்ப எதுக்கு சார்? நான் ஏதோ மனசு கேக்காம பேசிட்டேன். அதைப் போய் பெரிசா..."

"வாங்கன்னா வாங்க!" என்று கத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் கத்துகிறேன். என் சுபாவம் அப்படி. அவர் கதவைச் சாத்தினார். இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ராஜகீழ்ப்பாக்கம் வரை நடந்தோம். என் வீட்டு கேட்டில் அவர் பழக்கத்தில் நின்றார். நான் முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்த்து, மறுபடி வந்து கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"வாங்கண்ணா" என்றாள் அபிதம். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் கேட்டில் நிற்கிறவர் உள்ளே வந்திருக்கிறார் என்றதும் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, "சிக்கரி போடட்டுமா, வேணாமா?" என்று காதோடு கேட்டாள்.

"தினம் என்ன போடறியோ அதையே போடு."

டவரா டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். தனசிங் ஆற்றவில்லை. ஒரு மடக்குக் குடித்து வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"நாலுல ஒண்ணு" என்றார்.

"ஆமாண்ணா" என்றாள் அபிதம், பயந்துபோய். "நல்லா இருக்கா?"

"நல்லா கீதும்மா. மெய்யாவே நல்லா கீது. அதான் கஷ்டமா கீது."

மீதியையும் குடித்தார். அவசரப்படாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். குடித்து முடித்ததும் எழுந்தார். டம்ளரையும் டவராவையும் கையில் எடுத்துக்கொண்டு, "தண்ணி எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார்.

கை கழுவத்தான் கேட்கிறார் என்று நினைத்து நான் பின்பக்கத்தைக் காட்டக் கையைத் தூக்கினேன். அபிதத்துக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது.

"அங்கயே வைங்கண்ணா. நான் பாத்துக்கிறேன்."

"இல்லம்மா. ரெண்டு நிமிஷம். நானே கழுவி வெச்சுடறேன்."

"வைங்கண்ணா."

இரண்டாவது முறை சொன்னபோது அவள் குரல் உடைந்தது. தனசிங் டம்ளரைப் பிடித்தபடியே நின்றார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அதைக் கழுவாமல் மேசை மேல் வைத்தார்.